கோழி முதலாளியும் நெசவாளர் ஊரும்

சென்ற வாரம் மில் கேட்டில், ஷிப்டு முடிந்து வந்த ஓர் இளம் தோழர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தோழரே, நம்ம நாட்டுக் கோழிக் கம்பெனிக்காரங்க இங்கிலாந்திலே ஒரு ஃபுட்பால் கிளப்பையே விலைக்கு வாங்கி வச்சிருக்காங்களாமே! அந்த ஊர் வெள்ளைக்காரங்க 'வெளியே போ, வெளியே போ'ன்னு கூச்சல் போடறாங்களாம். நம்மை ஆண்டவங்கதானே! கொஞ்சம் அனுபவிக்கட்டுமே! நமக்கு இது பெருமைதானே?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சிரித்துவிட்டுப் போவது பதில் ஆகாது. "வெளியே போ" என்று கத்துகிறவர் யார்? நம்மை ஆண்ட வைஸ்ராயின் பேரனா? இல்லை. அவர் ஒரு மில் தொழிலாளியின் பேரன். அதைத் தெரிந்துகொண்டு பேசுவோம்.

அந்த ஊர் எது?

இங்கிலாந்தின் வடமேற்கே லங்காஷயரில் இருக்கிறது பிளாக்பர்ன் என்ற ஊர். 1760-களில் ஸ்பின்னிங் ஜென்னி என்ற நூற்பு இயந்திரத்தை உருவாக்கிய ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் அந்த வட்டாரத்துக் கைத்தறி நெசவாளிதான். பிறகு அங்கே மில்லுக்கு மேல் மில் எழுந்தது. அங்கே நெய்த வேஷ்டித் துணி கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு வந்தது. அந்தத் துணி நம் கைத்தறியாளரின் வாயில் மண்ணைப் போட்டது உண்மை. ஆனால் தறிக்கு முன்னே நின்று அதை நெய்தவர் அந்த லாபத்தில் மாளிகை கட்டவில்லை. இருமலும் செவிட்டுக் காதும் வாரக் கூலியுமே அவருக்கு மிச்சம்.

1931-ல் காந்திஜி பிளாக்பர்னை அடுத்த டார்வென் ஊருக்குப் போனார். அந்நியத் துணி பகிஷ்காரத்தால் அடிபட்ட ஊர் அது. ஆயினும் மில் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரத்தோடு வரவேற்றார்கள். தங்கள் எதிரி யார், யார் எதிரி அல்ல என்பது அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்கும் தெரிய வேண்டாமா?

அந்த ஊருக்கும் கால்பந்துக்கும் உள்ள உறவை மில் தொழிலாளி உடனே புரிந்துகொள்வார். வேலை நேரத்தைக் குறைக்க நடந்த நீண்ட கிளர்ச்சியின் பலனாக 1850-ல் ஒரு சட்டம் வந்தது. ஜவுளி மில்களில் பெண்களுக்கும் இளம் தொழிலாளருக்கும் சனிக்கிழமை பகல் 2 மணியோடு வேலை முடிய வேண்டும் என்றது அந்தச் சட்டம். அவர்கள் இல்லாமல் மில் ஓடுமா? ஆகவே ஆண்களுக்கும் அரை நாள் ஓய்வு வந்தது. அந்த அரை நாளில்தான் தொழிலாளர் கூட்டம் பந்தாட்டத்துக்குப் போனது. சனிக்கிழமை 3 மணிக்கு மேட்ச் என்ற வழக்கம் அப்படிப் பிறந்தது. அதாவது, போராடிப் பெற்ற ஓய்வு நேரத்தில் வளர்ந்த ஆட்டம் அது.

1883-ல் இங்கிலாந்தின் பெரிய கோப்பையான எஃப்.ஏ. கப் இறுதி ஆட்டம் லண்டனில் நடந்தது. ஒரு பக்கம் ஈட்டன் என்ற பிரபுக்கள் பள்ளியின் பழைய மாணவர்கள். மறு பக்கம் பிளாக்பர்ன் ஒலிம்பிக். அதில் நெசவாளர்களும் இரும்புப் பட்டறைத் தொழிலாளர்களும் இருந்தார்கள். நெசவாளர் பக்கம் 2-1 என்று ஜெயித்தது! தொழிலாளர் அணி ஒன்று அந்தக் கோப்பையைத் தூக்கியது அதுவே முதல் தடவை.

இப்போது தகராறில் இருப்பது அதே ஊரின் இன்னொரு கிளப், பிளாக்பர்ன் ரோவர்ஸ். 1875-ல் அதை ஆரம்பித்தவர்கள் வசதியான பள்ளியில் படித்த இளைஞர்கள், அதை மறைப்பானேன்? ஆனால் தேரைச் செய்யச் சொன்னவர் ஒருவர், வடம் பிடித்து இழுத்தவர்கள் ஊரார். சுமார் 1,20,000 பேர் வசிக்கும் ஊர் அது. அந்தச் சின்ன ஊரின் கிளப் ஆறு தடவை எஃப்.ஏ. கப் வென்றது. 1912, 1914, 1995 ஆண்டுகளில் நாட்டின் தலைசிறந்த கிளப்பாக வந்தது. மில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, வேலை போயிற்று. ஊருக்கு மிஞ்சிய பெருமை அந்தக் கிளப்தான்.

நல்ல பண்ணையார்

1991-ல் ஜாக் வாக்கர் என்பவர் கிளப்பைத் தம் கைக்குக் கொண்டுவந்தார். அதே ஊரில் பிறந்து, இரும்பு வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தவர். சின்ன வயதிலிருந்து ரோவர்ஸ் ரசிகர். பணத்தைத் தண்ணீராகச் செலவிட்டு நல்ல ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்தார். 1995 வெற்றி அவர் காலத்தில் வந்ததுதான். ஊரார் இன்றைக்கும் அவர் பெயரை நன்றியோடு சொல்கிறார்கள். அதில் தப்பில்லை.

ஆனால் 2000-ல் அவர் காலமானார். கிளப் அவர் குடும்பத்து டிரஸ்டின் கைக்குப் போயிற்று. 2010 நவம்பரில் அந்த டிரஸ்ட், புனேயைச் சேர்ந்த வெங்கீஸ் என்ற கோழிப்பண்ணைக் கம்பெனிக்குச் சுமார் 2 கோடி 30 லட்சம் பவுண்டுக்குக் கிளப்பை விற்றது. ஊராரிடம் ஓட்டெடுப்பு நடந்ததா? இல்லை. நல்ல பண்ணையார் கண்ணை மூடினார். வாரிசுகள் நிலத்தை விற்றார்கள். அதில் மூன்று தலைமுறையாக உழுத குத்தகைக்காரரும் நிலத்தோடு சேர்ந்து கை மாறினார். நம் கிராமத்து விவசாயத் தொழிலாளிக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. அவர் வீட்டிலேயே நடந்த கதை அது.

மைதானத்துக்குள் வந்த கோழி

புது உரிமையாளர்கள் வந்து ஒரு மாதம் ஆவதற்குள், அனுபவமுள்ள மானேஜர் சாம் அலர்டைஸ் வெளியேற்றப்பட்டார். அவருக்குப் பதிலாக, அதற்குமுன் எந்தக் கிளப்பையும் தலைமை தாங்கி நடத்தியிராத ஸ்டீவ் கீன் நியமிக்கப்பட்டார். கிளப் சரிந்தது. ரசிகர்கள் மாற்றம் கேட்டார்கள். பதில் இல்லை. ஊர்வலம் போனார்கள். பதில் இல்லை. ஆட்டக்காரர்களை உட்கார வைத்துக் கோழிக்கறி தின்னச் சொல்லி விளம்பரப் படம் எடுக்க மட்டும் நிர்வாகத்துக்கு நேரம் இருந்தது.

2012 மே 7-ந் தேதி. விகன் அணியோடு ஆட்டம். யாரோ ஒரு ரசிகர் கிளப் கொடியைப் போர்த்திய கோழி ஒன்றை மைதானத்தில் விட்டார். உலகமே சிரித்தது. ஆனால் அந்த ஊர் சிரிக்கவில்லை. அன்றைக்கு ரோவர்ஸ் 0-1 என்று தோற்று, 11 ஆண்டுகளாக இருந்த முதல் நிலை லீகிலிருந்து கீழே தள்ளப்பட்டது.

அடுத்த சீசனில் ஒரு மானேஜர் 57 நாள் இருந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர் 67 நாள். நம் மில்லில் தினக்கூலி பதிலிக்குக்கூட இதைவிட நாள் கிடைக்கும்! 2017-ல் கிளப் மூன்றாம் நிலைக்கே விழுந்தது. மறு ஆண்டு எழுந்து இரண்டாம் நிலைக்கு வந்தது, அதோடு சரி. 2023-ல், இந்தியாவில் நடந்த ஒரு விசாரணையின் காரணமாக, கிளப்புக்குப் பணம் அனுப்ப டில்லி ஹைகோர்ட்டின் அனுமதி கேட்க வேண்டிய நிலை உரிமையாளருக்கு ஏற்பட்டது. லங்காஷயர் ஊர்க் கிளப்பின் செலவுக்கு டில்லியில் வாய்தா! 2025-ல், லீகின் நிபந்தனைகளுக்கு வேண்டிய பணத்தை ஒதுக்காமல், பெண்கள் அணி இரண்டாம் நிலை லீகிலிருந்து விலக்கப்பட்டது. இத்தனைக்கும் 15 ஆண்டு கழித்து 2025-லும் உரிமையாளர் அவர்களேதான்.

"பணம் போடவில்லையா?"

கம்பெனியின் பக்கம் பேசுகிறவர்கள் ஒன்று சொல்வார்கள்: "அவர்கள் கிளப்பைக் கொள்ளையடிக்கவில்லையே! வருஷா வருஷம் நஷ்டத்தை ஏற்றுக் கோடி கோடியாகப் பணம் போட்டிருக்கிறார்களே!"

உண்மை. மொத்தம் 20 கோடி பவுண்டுக்கு மேல் போட்டிருக்கிறார்கள். அதை ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும்.

பக்கத்து மான்செஸ்டரில் நடந்தது இதற்கு நேர் எதிர். 2005-ல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பைச் சுமார் 79 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அதில் பெரும் பகுதி கடன். அந்தக் கடனைச் சுமந்தது யார்? வாங்கினவர் அல்ல; வாங்கப்பட்ட கிளப்! சந்தையில் மாட்டைப் பிடித்து, அந்த மாட்டையே அடமானம் வைத்து, அதன் விலையைக் கொடுத்து, வட்டியையும் மாடே உழுது கட்டட்டும் என்று சொன்ன கதை. அதுவரை கடனில்லாமல் இருந்த கிளப், பல ஆண்டுகள் வட்டி கட்டியே தேய்ந்தது.

ஓர் இடத்தில் உரிமையாளர் எடுக்கிறார். இன்னோர் இடத்தில் கொடுக்கிறார். இரண்டு இடத்திலும் ரசிகர் ஏன் கொதிக்கிறார்? இரண்டு இடத்திலும் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பணத்தைப் போட்டவருக்குக் கிளப் சொந்தமென்றால், நான்கு தலைமுறையாகச் சனிக்கிழமைக் கூலியில் டிக்கட் வாங்கினவர் போட்டது பணமில்லையா? காலி மைதானத்தில் இருபத்திரண்டு பேர் ஓடினால் அதை யார் விலைக்குக் கேட்பார்? கிளப்புக்கு விலை வந்ததே கூட்டத்தால். கூட்டம் உண்டாக்கிய மதிப்பைக் கூட்டத்தைக் கேட்காமல் விற்கிறார்கள், வாங்குகிறார்கள். தகராறின் வேர் இதுதான். கெட்ட முதலாளி போய் நல்ல முதலாளி வந்தாலும் இந்த வேர் அறுபடாது. நல்லவருக்கும் ஒருநாள் சாவு உண்டு.

ரசிகர் என்ன செய்வார்?

ரசிகரின் சங்கடம் தொழிலாளியின் சங்கடத்தைவிடச் சிக்கலானது. சோப்பு பிடிக்காவிட்டால் வேறு சோப்பு வாங்கலாம். தகப்பன் தோளில் உட்கார்ந்து பார்த்த கிளப்பை மாற்ற முடியுமா? பகிஷ்காரம் செய்தால் அடி முதலில் விழுவது தன் அணிக்கே. பிளாக்பர்னில் ஆயிரக்கணக்கானவர்கள் மைதானத்துக்குப் போவதையே விட்டார்கள். ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் முதலாளிக்கு அந்தக் காலி நாற்காலிகள் கண்ணில் படுமா?

ஆயினும் வழி இல்லாமல் இல்லை. 2016 பிப்ரவரி 6-ந் தேதி லிவர்பூல் மைதானத்தில் நடந்ததைக் கேளுங்கள். டிக்கட் விலையை 77 பவுண்டு வரை உயர்த்தப்போவதாக நிர்வாகம் அறிவித்திருந்தது. ஆட்டத்தின் 77-வது நிமிஷம். அணி 2-0 என்று ஜெயித்துக்கொண்டிருந்தது. சுமார் 10,000 பேர் எழுந்தார்கள். வரிசையாக வெளியே நடந்தார்கள்! நான்கே நாளில் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு விலை உயர்வைக் கைவிட்டது. அன்றைக்கு ஆட்டம் 2-2 என்று முடிந்தது. ஆனால் ரசிகர்கள் ஜெயித்தார்கள். வேலைநிறுத்தம் தெரிந்தவருக்கு இந்தப் பாடம் புதிதல்ல: தனியாகக் கத்தினால் கூச்சல், கணக்காக ஒன்றுசேர்ந்து நடந்தால் பேச்சுவார்த்தை.

ஜெர்மனியில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். ஒருசில விலக்குகள் தவிர, கிளப்பின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர் கையில் இருக்க வேண்டும் என்பது அங்கே லீக் விதி. பணக்காரர் பணம் போடலாம். கடைசி வார்த்தை அவருடையதல்ல. அங்கேயும் 2023 டிசம்பரில் லீகின் வருமானத்தில் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்கு விற்க ஏற்பாடு நடந்தது. ரசிகர்கள் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை மழையாக எறிந்து ஆட்டங்களை நிறுத்தினார்கள். 2024 பிப்ரவரியில் பேரம் கைவிடப்பட்டது.

இங்கிலாந்திலும் 2003-லிருந்து எக்ஸிடர் சிட்டி கிளப் ரசிகர் டிரஸ்டின் கையில் நடந்து வருகிறது. அது பணக்காரக் கிளப் அல்ல. பெரிய கோப்பைகளும் தூக்கவில்லை. ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக யாரும் அதை விற்றுவிட முடியாது. ரசிகர்களின் நீண்ட கிளர்ச்சிக்குப் பிறகு 2025-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்தது. உரிமையாளராக வருகிறவரைச் சோதிக்கவும், மைதானத்தை விற்பதைத் தடுக்கவும் தனி அமைப்பு வந்தது. நல்ல முதல் படி. ஆனால் அதுவும் முதலாளியை மேற்பார்வை பார்க்கும் சட்டமே தவிர, வடம் பிடித்தவர்களுக்குத் தேரில் பங்கு கொடுக்கும் சட்டம் அல்ல. மிச்சப் படிகளை அவர்கள்தான் ஏற வேண்டும்.

இளம் தோழருக்கு

இனி, மில் கேட்டில் நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன், தோழரே. அந்தக் கம்பெனி நம் நாட்டுக் கம்பெனி என்பதால் நமக்கு என்ன வந்தது? கோழிக்குத் தீனி போடுகிற தொழிலாளிக்கு அந்தக் கிளப்பில் ஒரு நாற்காலி உண்டா? அந்த முதலாளியின் வீட்டு வாசற்படி நமக்கும் தூரம், பிளாக்பர்ன்காரருக்கும் தூரம். அந்தத் தூரத்தில் நாம் இரண்டு பேரும் ஒன்றுதான்.

அன்றைக்கு லங்காஷயர் மில் முதலாளி நம்மைக் கேட்காமல் நம் தறியை நிறுத்தினார். இன்றைக்குப் புனே முதலாளி பிளாக்பர்ன்காரரைக் கேட்காமல் அவர் கிளப்பை நடத்துகிறார். முந்தையது தப்பென்றால் பிந்தையதும் தப்பு. பழிக்குப் பழி ஆயிற்று என்று நாம் கைதட்டினால், டார்வென் மில் பெண்களுக்கு 1931-லேயே இருந்த தெளிவு நமக்கு இல்லை என்றாகும்.

அடுத்த தடவை அவர்கள் "வெளியே போ" என்று கோஷம் போடுகிற செய்தியைப் பார்த்தால், காது கொடுத்துக் கேளுங்கள். பாஷைதான் வேறு. மில் கேட்டில் நாம் எழுப்பும் குரல்தான் அதுவும்.