பெயர் தாங்கிய கட்டங்கள்

நம் சங்கங்கள் உறுப்பினர் அட்டை அச்சிடுகையில், அட்டவணையிலுள்ள விவரங்களை ஒரு சிறு நிரலைக் கொண்டு கணிப்பொறியே கட்டங்களில் நிரப்புமாறு இன்று செய்யலாம். ஆனால், "மூன்றாவது கட்டத்தில் மனைவியின் இரத்த வகை" என்று வரிசை எண்ணால் கட்டளையிடுதல் தீது. புதுக் கட்டம் ஒன்று சேர்ந்தால் வரிசை மாறிவிடும். கணவரின் இரத்த வகை மனைவியின் பெயருக்கு நேரே அச்சாகும். பார்வைக்குப் பிழை புலப்படாது. அவசர வேளையில் உறவினர் தவறான கொடையாளரைத் தேடி அலைவர்.

இரயில் பார்சல் அலுவலகத்தில் நாங்கள் மூட்டைகளை எண்ணி இறக்குவதில்லை. சீட்டைப் பார்த்தே இறக்குகிறோம். இங்கும் அதுவே முறை. இன்டிசைன் மென்பொருளில் ஒவ்வொரு கட்டத்தையும் தேர்ந்து, 'ஸ்கிரிப்ட் லேபிள்' பலகத்தில் அட்டவணைத் தலைப்பின் பெயரையே எழுதுக. அப்பெயர் அச்சில் தோன்றாது. கட்டத்தை எங்கு நகர்த்தினும் உடன் செல்லும். நிரல் அப்பெயரைத் தேடியே நிரப்பட்டும். இரு கட்டங்களுக்கு ஒரே பெயர் வேண்டா.