வீட்டுக்கொரு கற்பூரவள்ளி

மேனாட்டார் உணவில் மணக்கும் ஓரிகானோவைப் போன்ற மணமுடையது நம் கற்பூரவள்ளி. மலாய் அன்பர்கள் இதனைப் ‘பங்குன் பங்குன்’ என்பர். நம் பாட்டிமார் லயத்து வாசலில் இதனை வளர்த்தனர். இருமலுக்கு இதன் சாறே முதல் கைமருந்து.

தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தோர் பலர் இதனை மறந்தனர். நிலமின்மை தக்க காரணமன்று; ஒரு தொட்டியே போதும் என்பது எம் கருத்து.

விரல் நீளத் தண்டை ஒடித்து, மணல் கலந்த மண்ணில் நட்டால் வேர்விடும். தீபகற்ப மலேசியாவில் மழை மிகுந்த தைப்பிங்கை அடுத்தது நம் கமுந்திங். நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். ஆதலின் தொட்டியில் துளையிட்டு, அடைமழை படாத வெளிச்சத்தில் வைத்தல் நன்று. மண் காய்ந்த பின்னரே நீர் ஊற்றுக. நுனியைக் கிள்ளினால் கிளை பெருகும்.

இருமல் நீடித்தால் மருத்துவரை நாடுதலே முறை.

மாணவச் செல்வங்களே! பாட்டியிடம் ஒரு கொம்பு கேட்டு நடுங்கள். அதன் பயனையும் கேட்டறியுங்கள்.