கல் வெட்டியவனுக்குக் கலைக்கூடம் இல்லையா?

சென்னை எழும்பூர் மியூசியத்தில் செந்நிறக் கல்லால் எழுந்து நிற்கும் கலைக்கூடத்தை நம் கும்மிடிப்பூண்டித் தொழிலாளர்களில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? மிகச் சிலரே. ஆனால் அந்தக் கல் எங்கிருந்து போயிற்று? நமக்குப் பக்கத்திலுள்ள சத்தியவேட்டிலிருந்து! அன்று அது செங்கல்பட்டு ஜில்லா. 1960-ல்தான் ஆந்திராவுடன் சேர்ந்தது.

1906-ல் இங்கிலாந்து இளவரசர் அஸ்திவாரக் கல் நாட்டினார். ஹென்றி இர்வின் வரைபடம் போட்டார். நம்பெருமாள் செட்டியார் காண்டிராக்ட் எடுத்தார். 1909-ல் விக்டோரியா ராணியின் நினைவு மண்டபமாகத் திறந்தார்கள். 1951-ல் அது தேசியக் கலைக்கூடமாயிற்று. 2002-ல் கட்டிடம் பழுதென்று மூடினார்கள். ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. இந்தச் சரித்திரத்தில் ராணி இருக்கிறாள், இளவரசன் இருக்கிறான். கல் வெட்டிச் சுமந்தவன் எங்கே?

“கூலி உயர்வு இல்லை, காண்டிராக்ட் முறை கழுத்தை நெரிக்கிறது; மியூசியம் ஒரு கேடா?” என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் மே தினத்திலேயே இருக்கிறது. எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, மிச்சமுள்ள எட்டு மணி நம்முடையது என்பதல்லவா கோஷம்? 1923-ல் தோழர் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடியதன் பொருளும் அதுவே. அந்த மூன்றாவது எட்டுக்கே உலை வைக்கும் 12 மணி நேர மசோதா 2023 ஏப்ரலில் சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கிளர்ந்தெழுந்தன. மே தினத்தன்று சர்க்கார் வாபஸ் அறிவித்தது. போராடிக் காத்த நேரத்தைச் சாராயக் கடைக்கா கொடுப்பது?

கலை முதலாளிகளின் சொத்தல்ல. மெரினாவில் 1959-ல் திறக்கப்பட்ட உழைப்பாளர் சிலையைப் பாருங்கள். பாறையை நெம்பும் நான்கு பேர்! அதைப் படைத்த தேவி பிரசாத் ராய் சவுத்ரி சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராக இருந்தவர்.

நாம் கோருவது இதுதான்: மாலை 5 மணிக்கு மூடும் மியூசியத்தை ஞாயிறன்றாவது இரவு 8 வரை திறந்து வை! தொழிலாளர் குடும்பங்களை இலவசமாக அனுமதி! பீகார், ஒடிசாத் தோழர்களுக்கும் புரியும் மொழிகளில் விளக்கம் எழுது! சத்தியவேட்டுக் கல்லின் கதையையும், அதை வெட்டியவர்களின் உழைப்பையும் வாசலில் பொறித்து வை!

சர்க்கார் செய்யட்டும் என்று சங்கங்கள் காத்திருக்க வேண்டாம். மாதம் ஒரு ஞாயிறு, குடும்பத்தோடு மின்சார ரயிலேறுவோம். நம் மண்ணின் கல்லை நம் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும்.