உடம்பின் குற்றமா, சிமெண்டின் குற்றமா?

"உன் ரத்தம் கெட்டுப்போச்சு. சூட்டு உடம்பு. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு வேலை பார்த்துக்கொள்."

கலவையில் நின்று விரல் இடுக்கெல்லாம் வெடித்து நீர் கசியும் சித்தாளுக்கு மேஸ்திரி கொடுக்கும் பதில் இது. களை பிடுங்கிய பெண்ணுக்கு இமையும் கழுத்தும் தடித்துக் கறுத்தால் பண்ணைக்காரர் கொடுக்கும் பதிலும் இதுதான். மில்லிலே கை புண்ணான தொழிலாளிக்கு நிர்வாகம் கொடுக்கும் பதிலிலும் மாற்றமில்லை. சிமெண்டின் மீது குற்றமில்லை, சாயத்தின் மீது குற்றமில்லை, மிஷின் எண்ணெயின் மீது குற்றமில்லை. குற்றமெல்லாம் உழைக்கிறவனின் உடம்பின் மீதுதானாம்!

இந்த வாதத்தை நாம் அடியோடு மறுக்கிறோம். வெறும் கோபத்தினால் அல்ல, வைத்திய விஞ்ஞானத்தைக் கையில் வைத்துக்கொண்டு மறுக்கிறோம்.

ஒரு பொருள் பட்டுப் பட்டு வரும் கரப்பானுக்குக் காரணம் எது என்று கண்டுபிடிக்க ஒரு பரீட்சை இருக்கிறது. அது நேற்று வந்ததல்ல. 1895ஆம் வருஷத்திலேயே யோசப் யடாசோன் என்ற ஜெர்மன் வைத்தியர் இதை எடுத்துக் காட்டினார். இன்று அதற்குப் பேட்ச் டெஸ்ட் என்று பெயர். சந்தேகப்படும் பொருள்களை மிகச் சிறு அளவில் வாஸலினில் கலந்து, சின்னச் சின்னக் குப்பிகளில் வைத்து முதுகில் ஒட்டுகிறார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்க்கிறார்கள். நாலாம் நாள் வாக்கில் மறுபடி பார்க்கிறார்கள். எந்த இடம் சிவந்து தடிக்கிறதோ, அந்தப் பொருளுக்கு அலர்ஜி இருக்கிறது என்று தெரிகிறது. அந்தப் பொருள் வேலையிடத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் விஷயம் முடிந்தது. பெரிய யந்திரம் எதுவும் வேண்டாம். ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லுகிறோம்: சிமெண்டையோ செடியையோ தாமே எடுத்து ஒட்டிப் பார்க்கக் கூடாது. சருமம் வெந்துவிடும்.

சிமெண்டிலே குற்றவாளி யார்? தண்ணீரில் கரையும் குரோமியம். சிமெண்டின் காரமே சருமத்தை அரிக்கும். அது எவர் கையையும் புண்ணாக்கும். குரோமிய அலர்ஜி வேறு. அது மாதக்கணக்காக, வருஷக்கணக்காகப் பட்டுப் பட்டு வருவது. வந்துவிட்டால் சருமம் லேசில் மறக்காது. அப்புறம் கொஞ்சம் பட்டாலும் போதும், புண் திரும்பி வரும்.

"பத்துப் பேர் வேலை செய்கிற இடத்தில் ஒருத்தனுக்கு மட்டும் ஏன் வருகிறது?" என்று கேட்கிறார்கள். கெட்டிக்காரத்தனமான கேள்விதான்! நாம் திருப்பிக் கேட்கிறோம்: குரோமிய அலர்ஜியோடு தாயின் வயிற்றிலிருந்து பிறந்தவன் எவனாவது உண்டா? எல்லா உடம்பும் ஒன்றல்ல, வாஸ்தவம். ஆனால் அந்தப் பொருள் படாமல் அதற்கு அலர்ஜி வருவதில்லை. பட வைத்தது யார்?

இந்த வழக்குக்கு டென்மார்க் தேசத்தில் தீர்ப்பே ஆகிவிட்டது. அங்கே 1983ஆம் வருஷத்தில், சிமெண்டில் கரையும் குரோமியம் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அதற்காகச் சிமெண்டிலே சேர்த்தது என்ன? நாட்டு மருந்துக் கடையிலும் சாயக்காரர்களிடமும் கிடைக்கும் அன்னபேதி! இந்த இரும்பு உப்பு குரோமியத்தின் விஷத் தன்மையை மாற்றிவிடுகிறது. சிமெண்டுத் தொழிலாளர்களிடையே குரோமிய அலர்ஜி வெகுவாகக் குறைந்தது. 2005ஆம் வருஷம் முதல் ஐரோப்பிய யூனியன் முழுவதிலும் இதே வரம்பு சட்டமாயிற்று.

தோழர்களே, நன்றாகக் கவனியுங்கள். டென்மார்க் தொழிலாளியின் ரத்தத்தை யாரும் மாற்றவில்லை. சிமெண்டை மாற்றினார்கள்; நோய் குறைந்தது. குற்றம் உடம்பினுடையதா, சிமெண்டினுடையதா என்பதற்கு இதற்கு மேல் என்ன ருசு வேண்டும்?

வயலுக்கு வருவோம். பார்த்தீனியம் என்ற வெள்ளைப்பூச் செடி வரப்பு, தரிசு, ரோட்டோரம் எங்கும் மண்டிக் கிடக்கிறது. இது நம் நாட்டுச் செடியல்ல. 1950-களின் நடுவில் பூனாப் பக்கத்தில் இது பரவியிருப்பதைக் கண்டார்கள்; அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான தானியத்தோடு கலந்து வந்தது என்பது பரவலான கருத்து. இதிலுள்ள பார்த்தெனின் என்ற பொருள்தான் அலர்ஜி உண்டாக்குவது. காய்ந்த செடியின் தூள் காற்றிலே வந்து முகத்திலும் இமையிலும் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் படிகிறது. தொடாதவர்களுக்குக் கூட வருவது இதனால்தான். பூ விடுவதற்கு முன்பே, கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்க வேண்டும். ஏற்கெனவே புண் வந்தவரை இந்த வேலைக்கு அனுப்புவது அக்கிரமம்.

நோயாளியிடம் காசு பறிக்கும் கூட்டத்தையும் நாம் சும்மா விட முடியாது. "ரத்தம் கொடு, நூறு சாமான்களுக்கு அலர்ஜி பார்த்துச் சொல்கிறோம்" என்று லேபுகள் கூவுகின்றன. உடனே தடித்து மறையும் காணாக்கடிக்கும், சில உணவு அலர்ஜிக்கும், டாக்டர் தேவையென்று கருதினால் ரத்தப் பரீட்சையும் கையில் குத்திப் பார்க்கும் பரீட்சையும் உதவும். சிமெண்டுக் கரப்பானுக்கும் செடிக் கரப்பானுக்கும் அவை உதவா. அது வேறு வழியில் வரும் நோய். கூலிக்காரன் ஆயிரக்கணக்கில் அழுதுவிட்டுக் கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்திக்கொண்டு, மறுநாள் அதே கலவையில் கையை விடுகிறான்!

கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் டியூப் களிம்பு இன்னொரு மோசடி. கடுமையான ஸ்டீராய்டு களிம்பு இரண்டு நாளில் அரிப்பை அடக்கும். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை பூசினால் அது நல்ல மருந்து. மாதக்கணக்காகப் பூசினால் சருமம் காகிதம்போல் மெலியும். படை இருந்தால் பரவும். 2018ஆம் வருஷத்தில் இப்படிப்பட்ட பல களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று சர்க்கார் அறிவித்தது. அரிப்புக்குத் தரும் பழைய மாத்திரைகள் பல தூக்கத்தைக் கொடுப்பவை. மிஷின் முன்னால் நிற்பவர்கள் இதை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். "பத்து ஊசியில் அலர்ஜியை ஒழிப்போம்" என்பவர்களை நம்பாதீர்கள். இந்தக் கரப்பானுக்கு அப்படிப்பட்ட ஊசி கிடையாது. முதல் சிகிச்சை, காரணமான பொருளை விலக்குவதுதான்.

எதை விலக்குவது? பரீட்சை செய்தால்தான் தெரியும். சில சமயம் காப்பாற்றக் கொடுத்த ரப்பர் கையுறையில் சேர்ந்திருக்கும் ரசாயனமே எதிரியாக இருக்கும்.

இவ்வளவு சுலபமான பரீட்சை உழைப்பாளிக்கு ஏன் எட்டவில்லை? முதுகிலே ஒட்டினால் நனைக்கக் கூடாது. வேர்க்க வேர்க்க வேலை செய்யக் கூடாது. அதாவது நாலு நாள் கூலி போகும்! ஆஸ்பத்திரிக்குப் பல தடவை நடக்க வேண்டும். தினக்கூலிக்காரன் எப்படிப் போவான்? அவன் போகாமலிருப்பது முதலாளிக்கு லாபம். பரீட்சைச் சீட்டு சாட்சியாகிவிடுமல்லவா?

சட்டம் இல்லாமலில்லை. 1923ஆம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே குரோமியத்தால் வரும் நோயும், ரசாயனப் பொருள்களால் வரும் சரும நோயும் தொழில் நோய்களாக எழுதப்பட்டன. 2020ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொழில் நோய்களுக்கு ஓர் அட்டவணை உண்டு. ஈ.எஸ்.ஐ.க்காக 2019 ஜூலை முதல் நூறு ரூபாய்ச் சம்பளத்தில் 75 காசு நம்மிடம் பிடிக்கிறார்கள். காகிதத்தில் உரிமை இருக்கிறது. நோய்க்குக் காரணம் வேலைதான் என்ற சீட்டுத்தான் கையில் இல்லை. விவசாயத் தொழிலாளிக்கோ ஈ.எஸ்.ஐ.யும் கிடையாது.

ஆகவே நாம் கோருகிறோம்: ஜில்லா ஆஸ்பத்திரிகளிலும் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளிலும் பேட்ச் டெஸ்ட் இலவசமாக நடக்க வேண்டும். பரீட்சை நாட்களுக்குக் கூலியோடு லீவு வேண்டும். அலர்ஜி ருசுவானவருக்குச் சம்பளம் குறையாமல் மாற்று வேலை வேண்டும். சிமெண்டுக்கு டென்மார்க் வரம்பை இங்கும் சட்டமாக்க வேண்டும். விவசாயத் தொழிலாளருக்கும் நஷ்டஈடு வேண்டும்.

தோழர்கள் இன்றே ஒரு காரியம் செய்யலாம். வேலையிடத்தில் யார் யாருக்குக் கை புண், எந்தப் பொருள் பட்டது, எந்த மாதம் தொடங்கியது, லீவு நாளில் குறைகிறதா என்று ஒரு நோட்டில் எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டையும் காட்டி, "பேட்ச் டெஸ்ட் எழுதுங்கள்" என்று கேளுங்கள். இனி எந்த மேஸ்திரியாவது "உன் ரத்தம் கெட்டது" என்று சொன்னால், பத்துப் பேராகச் சேர்ந்து நின்று, "மூட்டையில் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லும்" என்று கேளுங்கள்!