டிரவுட் குஞ்சு வேண்டாம், டிரவுட் பக்குவம் போதும்

மத்திய அரசின் பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் 2020-ஆம் ஆண்டு 20,050 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கப்பட்டது. இதில் குளிர்நீர் மீன் வளர்ப்புக்கும் மானியம் அறிவிக்கப்பட்டது. பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 60 சதவீதம். அதன்பின் காஷ்மீர், இமாச்சலப் பிரதேச டிரவுட் பண்ணைகள் பற்றிய செய்திகளும் காணொளிகளும் நம் கைப்பேசிக்கு அடிக்கடி வருகின்றன. விலையைக் கேட்டதும் ஆசை வருகிறது. "நம்ம குட்டையில டிரவுட் விடலாமா சார்?" என்று பயிற்சிக்கு வரும் விவசாயிகள் கேட்கிறார்கள்.

சமவெளிக் குட்டையில் விடக் கூடாது. டிரவுட்டுக்கு 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்த, ஓடும் தண்ணீர் வேண்டும். 20 டிகிரியைத் தாண்டினால் தீவனம் எடுப்பது குறையும். 25 டிகிரியில் பிழைப்பதே கடினம். நம் குட்டைத் தண்ணீர் கோடையில் 30 டிகிரியைத் தொடும். தமிழ்நாட்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் 1907-இல் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைந்ததற்கும் அந்த மலைக் குளிர்தான் காரணம். தண்ணீரைக் குளிரூட்டித் தொட்டியில் வளர்க்க வழி இருந்தாலும், அந்த முதலீடும் மின்கட்டணமும் சிறு விவசாயிக்குத் தாங்காது. யாராவது "எந்தத் தண்ணீரிலும் வளரும்" என்று குஞ்சு விற்க வந்தால் பணம் கொடுக்காதீர்கள்.

ஆனால் டிரவுட் வளர்ப்பவர்களிடம் நாம் கற்க வேண்டிய ஒன்று உண்டு. மீன் அரிது என்பதால் மட்டும் அதற்கு விலை கிடைப்பதில்லை. அன்று பிடித்த மீனைக் கெடாமல் சமையலறை வரை கொண்டு சேர்க்கிறார்கள். அந்தப் பக்குவத்துக்கும் விலையில் பங்கு இருக்கிறது.

கரையிலிருந்து அடுப்பு வரை

மீன் கெடுவது முதலில் குடலிலும் செவுளிலும்தான். அதனால் பிடிப்பதற்கு முந்தைய நாளே தீவனத்தை நிறுத்த வேண்டும். குடல் காலியாக இருந்தால் மீன் தாமதமாகக் கெடும். பிடித்த மீனை வெயிலில் துள்ளவிடாமல் ஐஸ் கலந்த தண்ணீரில் போட வேண்டும். பிறகு வயிற்றைக் கீறிக் குடலையும் செவுளையும் எடுத்து, முதுகெலும்பை ஒட்டி ஓடும் கருஞ்சிவப்பு இரத்தக் கோட்டை விரலால் சுரண்டிக் கழுவ வேண்டும். கசப்பும் கவிச்சியும் பெரும்பாலும் அதை விட்டுவிடுவதால் வருபவை. டிரவுட்டுக்குச் செதில் மிகச் சிறியது. அதை உரிக்காமல் தோலோடே சமைக்கலாம்.

வீட்டில் சமைக்கும் முறை

கால் கிலோ முதல் 300 கிராம் வரையுள்ள முழு மீன் ஒரு தட்டுக்கு அளவானது.

கல்லில் வறுப்பதானால் முதலில் மீனின் ஈரத்தைத் துணியால் நன்றாக ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் தோல் கல்லில் ஒட்டும். பிடித்த சில மணி நேரத்துக்குள் சமைத்தால் சதை சுருங்கி மீன் வளையும். அதனால் இரு பக்கமும் மூன்று கீறல் போடுங்கள். உப்பு, மஞ்சள், மிளகுத்தூள் தடவி 15 நிமிடம் வைத்து, நடுத்தரத் தீயில் பக்கத்துக்கு 4 முதல் 5 நிமிடம் வேகவிடுங்கள். இமாச்சலத்தில் கடுகெண்ணெய் பயன்படுத்துவார்கள், நமக்கு நல்லெண்ணெய் போதும்.

ஆவியில் வேகவைப்பதானால் இஞ்சி, பச்சை மிளகாய், கொத்தமல்லியை வயிற்றுக்குள் வைத்து வாழையிலையில் மடித்து, இட்லிப் பானையில் 12 முதல் 15 நிமிடம் வையுங்கள். இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள்.

குழம்பும் வைக்கலாம். காஷ்மீரில் தாமரைத் தண்டோடு சேர்த்து மீன் சமைப்பது பழைய வழக்கம். எதுவானாலும் மீனைக் கடைசியில் போட்டுச் சில நிமிடத்தில் இறக்குங்கள். சதை வெள்ளையாகி இதழ் இதழாகப் பிரிந்தால் வெந்துவிட்டது. அதற்கு மேல் கொதித்தால் சக்கையாகும். நன்னீர் மீனில் ஒட்டுண்ணிகள் இருக்கக்கூடும் என்பதால் அரைவேக்காடாகச் சாப்பிடக் கூடாது.

நம் கெண்டைக்கு எப்படிப் பொருந்தும்?

கட்லா, ரோகு, ஜிலேபிக் கெண்டைக்கும் இதே பக்குவம்தான். இரண்டு குறைகளை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, மண்வாடை. குட்டையில் நீலப்பச்சைப் பாசியும் சில நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் மீன் சதையில் சேர்வதால் இது வருகிறது. விற்பதற்குச் சில நாள் முன்பு மீனைத் தீவனம் இல்லாமல் சுத்தமான ஓடும் தண்ணீரில் விட்டால் வாடை குறையும். வீட்டில் புளி சேர்ப்பதும் ஓரளவு உதவும்.

இரண்டு, கட்லா, ரோகு சதைக்குள் இருக்கும் ஒய் வடிவ முள். துண்டின் சதையில் 3 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்காகக் கீறி வறுத்தால் நுண்முள் மொறுமொறுப்பாகிவிடும். குழந்தைக்குக் கொடுக்கும்போது அப்போதும் கையால் தடவிப் பார்த்தே கொடுங்கள்.

வியாபாரி கேட்ட விலைக்கு மொத்த மீனையும் ஏற்றி அனுப்பிவிட்டு, மிஞ்சியதைக் கூடையில் வைத்து விற்பதுதான் பல ஊர்களில் நடக்கிறது. அடுத்த அறுவடையில் 20 கிலோவை மட்டும் ஒதுக்கிப் பாருங்கள். அதே எடைக்கு ஐஸ் வாங்கி, விடியற்காலையில் பிடித்து, கரையிலேயே ஆய்ந்து, எப்படிச் சமைப்பது என்று இரண்டு வார்த்தை சொல்லி வாங்க வருபவரிடம் கொடுங்கள். ஐஸ் செலவும் ஆய்ந்த கூலியும் போக எவ்வளவு நின்றது என்று எழுதி வையுங்கள். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு மானியம், புது மீன் பற்றி யோசிக்கலாம்.