ஓசூரில் குடியேறியது குற்றமா?



எங்கள் தங்கவயல் லைன் வீடுகளில் இருந்த ஒரு பெண்ணுக்குப் போன வாரம் நடந்ததை நினைத்தால் வயிறு எரிகிறது. கணவனும் இல்லாமல் அவள் காசநோயில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஏழு வயது மகளைக் குழந்தைகள் நலக் குழு வளர்ப்புக் குடும்பத்தில் விட்டது. அதைக் குறை சொல்லவில்லை. நோய் தீர்ந்தது, ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்தது. அங்கேயே அறை பிடித்து, முகவரி மாறியதை எழுதியும் கொடுத்தாள். மகளைப் பார்க்க அனுமதி கேட்டுப் போனவளுக்கு அலுவலர் ஒருவர் சொன்ன பதில்: "ஊரை விட்டே ஓடிட்ட, உனக்கு எதுக்கும்மா பிள்ளை?" சம்பளச் சீட்டை பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுக்கக்கூட விடவில்லையாம். 'தாய் மாவட்டத்தில் இல்லை' என்று கன்னடத்தில் எழுதி, அந்த எழுத்தே தெரியாதவளிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

ஓடிவிட்டாளாம்! 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்கத்தை இழுத்து மூடிய பிறகு தங்கவயலில் ஓடாதவர் யார்? இருட்டோடு மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு ஓடினால்தானே இங்கே அடுப்பு எரிகிறது!

குழுவைக் கேட்காமல் பிள்ளையைக் கொண்டுபோக முடியாது, சரி. தாய் எங்கே குடியிருக்க வேண்டும் என்று சொல்ல இவர்கள் யார்? நாட்டில் எங்கும் குடியிருக்கும் உரிமையை அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு தந்திருக்கிறது. பெற்றோர் பிள்ளையைப் போய்ப் பார்க்க அனுமதிக்கலாம், மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும், தகுதி வந்ததும் பிள்ளை வீடு திரும்பலாம் என்கிறது 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 44-வது பிரிவு. சம்பாதிக்கப் போனது ஒரு காரணமா?

மாநிலம் மாறினால் யார் கண்காணிப்பது என்கிறார்கள். ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது ஐயா, அங்கேயும் இதே மத்தியச் சட்டம்தான். அந்தக் குழுவைக் கலந்து பிள்ளையை மாற்றிவிட 95-வது பிரிவில் வழி இருக்கிறது. ஒரு தபால் செலவு.

பெர்லினில் 2021-ல் ஒரு குஜராத்திக் குழந்தையை அந்நாட்டு அதிகாரிகள் எடுத்துக்கொண்டதற்கு, 19 கட்சிகளின் 59 எம்.பி.க்கள் ஜெர்மன் தூதருக்குக் கடிதம் எழுதினார்கள். நல்ல காரியம். இங்கே ஒரு கவுன்சிலர்கூட வாய் திறக்கக் காணோம். இவளும் பெர்லினில் வேலை தேடியிருக்க வேண்டும் போல!

நலக் குழு மீதான குறைகளைக் கேட்க வேண்டியவர் மாவட்ட ஆட்சியர் (டி.சி.). அவரிடம் மனு கொடுத்தாயிற்று. விசாரணைக்குக் கூப்பிடுவதானால், ஒரு நாள் சம்பளம் போகாதபடி ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் கூப்பிடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆண்டர்சன்பேட்டை, கோலார் தங்கவயல்