பெயரை அழித்தால் உரிமையும் அழியுமா?



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் தம்பி ஒருவர் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் ஒரு கைப்பேசி, அது வந்த பெட்டி, கசங்கிய ரசீது.

“அண்ணே, இதுல சார்ஜ் ஏற மாட்டேங்குது. கடையில கொண்டுபோய்க் காட்டினா, வாரண்டியை நீயே கெடுத்துக்கிட்டேன்னு சொல்லி அனுப்பிட்டாங்க” என்றார்.

விலை 1,100 வெள்ளி. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால், மாதச் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அந்தப் பைக்குள் செத்துக் கிடந்தது. மகளின் பள்ளிக்கூடச் செய்தி வருவதும் அதில்தான். சம்பளம் பேங்கில் விழுந்ததா என்று பார்ப்பதும் அதில்தான்.

தம்பி அப்படி என்ன தப்பு செய்தார்? அவர் வாங்கிய கைப்பேசி ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் முத்திரை போட்டது. திறந்தவுடன் நிறுவனத்தின் சின்னம் வந்து நிற்கும். உள்ளே அவர்களுடைய செயலிகள் நாலைந்து. அழிக்கப் பார்த்தால் அழியாது. இடத்தை அடைத்துக்கொண்டு, ‘இதை வாங்கு, அதை வாங்கு’ என்று மணியடித்துக்கொண்டே இருக்கும். பட்டணத்து ரிப்பேர் கடையில் 40 வெள்ளி கொடுத்து ‘ஃபிளாஷ்’ பண்ணிக்கொண்டார். அதாவது, நிறுவனத்தின் முத்திரை போட்ட மென்பொருளை எடுத்துவிட்டு, கைப்பேசியைத் தயாரித்தவர்களின் பொதுவான மென்பொருளை ஏற்றினார்கள். மூன்று மாதம் நன்றாகவே வேலை செய்தது. பிறகுதான் சார்ஜ் ஒயர் செருகும் துவாரம் ஆட்டம் கண்டது. ஓராண்டு உத்தரவாதத்தில் அப்போது எட்டு மாதம்தான் முடிந்திருந்தது.

“மென்பொருளை மாற்றியாச்சு, வாரண்டி போச்சு!” கடையில் கிடைத்த பதில் இவ்வளவுதான். எழுத்தில் ஒன்றும் தரவில்லை. திறந்துகூடப் பார்க்கவில்லை.

நான் தம்பியிடம் ஒன்று கேட்டேன். “நீங்க குலை வெட்டுற அரிவாளுக்குக் கழியை மாத்துறதில்லையா?”

“மாத்துவேன். மரம் வளர வளர நீளமான கழி போட்டாத்தானே எட்டும்?”

“கழி மாத்தின பிறகு, இரும்புலயே கீறல் இருந்து அரிவாள் ரெண்டா ஒடைஞ்சா, குத்தம் யாரோடது?”

“இரும்பு செஞ்சவனோடது. கழிக்கும் இரும்புக் கீறலுக்கும் என்னண்ணே சம்பந்தம்?”

தோழர்களே, நம் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது!

1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று உண்டு. அந்த ஆண்டு நவம்பர் 15-இல் அமலுக்கு வந்தது. அதன் 32-வது பிரிவு, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. எதற்காக வாங்குகிறோமோ அதற்குப் பயன்பட வேண்டும். பழுதில்லாமல், பாதுகாப்பாக, நீடித்து உழைக்க வேண்டும். இந்த உத்தரவாதத்தைக் கொடுப்பது கடைக்காரரின் அட்டை அல்ல, சட்டம். அட்டை என்பது அவர்கள் விருப்பப்பட்டு அதற்கு மேல் தரும் வாக்கு. அட்டை தொலைந்தாலும், அட்டையில் எதை எழுதியிருந்தாலும், சட்டம் தந்தது போகாது. 6-வது பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது: எந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் இந்தச் சட்டம் செல்லும்.

சரி, பொருளை நாம் கன்னாபின்னா என்று பயன்படுத்தினால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். சாதாரணப் பயனீட்டாளர் செய்யாத விதத்தில் நாம் பயன்படுத்தியிருக்க வேண்டும். அப்படிப் பயன்படுத்தாமல் இருந்திருந்தால் பொருள் நன்றாக இருந்திருக்கும் என்ற நிலையும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கடைக்காரர் தப்பிக்கலாம். ஒன்று மட்டும் போதாது. ‘மென்பொருளை மாற்றினாய்’ என்பது பாதி வழக்கு. ‘மாற்றியதால்தான் துவாரம் ஆடுகிறது’ என்பதுதான் மீதிப் பாதி. துவாரம் என்பது இரும்பும் ஈயமும். மென்பொருள் அதை எப்படி ஆட்டும்?

ஆனாலும் தோழர்களே, நான் ஒரு பக்கமே பேசுகிறவன் அல்ல. ஃபிளாஷ் பண்ணுவதில் ஆபத்தே இல்லை என்று சொன்னால் அது உங்களை ஏமாற்றுவதாகும். பாதி வேலையில் மின்சாரம் போனாலும், வேறு மாடலுக்கான மென்பொருளை ஏற்றிவிட்டாலும், கைப்பேசி திறக்காமலே போகலாம். பையன்கள் இதைச் ‘செங்கல்லாப் போச்சு’ என்பார்கள். அப்படிப் போனால் விற்ற கடையை நாம் குறை சொல்ல முடியாது. அப்போது கேட்க வேண்டியது ஃபிளாஷ் பண்ணிய கடையைத்தான். சேவை செய்கிறவரும் தக்க கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்று அதே சட்டத்தின் 53-வது பிரிவு சொல்கிறது. ஆனால் ரசீது இல்லாமல் 40 வெள்ளியை நீட்டிவிட்டு வந்தால், எதைக் காட்டிக் கேட்பது?

இன்னும் ஒன்று. சில கைப்பேசிகள் உள்ளேயே கணக்கு எழுதி வைக்கும். சாம்சங் கைப்பேசிகளில் ‘நாக்ஸ்’ என்று ஒரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. அங்கீகாரம் இல்லாத மென்பொருளை ஏற்றினால் உள்ளே ஓர் அடையாளம் விழும். பிறகு பழைய மென்பொருளையே ஏற்றினாலும் அந்த அடையாளம் மாறாது. தயாரித்தவர்களின் சொந்த மென்பொருளை ஏற்றுவது வேறு, யாரோ திருத்திய மென்பொருளை ஏற்றுவது வேறு. அதற்கும் மேலே போய் ‘ரூட்’ பண்ணினால் பல பேங்க் செயலிகள் வேலை செய்யாது. சம்பளம் பேங்கில் இருந்து என்ன செய்ய, செயலி திறக்கவில்லையென்றால்?

ஆகவே படிப்படியாகப் போங்கள். முதலில், அழிக்க முடியாத செயலியைக் கைப்பேசியின் அமைப்புப் பகுதிக்குப் போய் ‘முடக்கு’ என்று கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் மணியடிப்பது நின்றுவிடும். இதனால் உத்தரவாதத்துக்கு ஒரு பங்கமும் இல்லை. அதுவும் போதாதென்றால், தயாரித்தவர்களின் அதிகாரபூர்வ சேவை நிலையத்தில் கேளுங்கள். தெருக்கடை கடைசிக் கதவு. உத்தரவாதக் காலம் முடியும் வரை அந்தக் கதவைத் தட்டாமல் இருப்பதே நல்லது. தட்டத்தான் வேண்டுமென்றால், என்ன மென்பொருள் ஏற்றினார்கள் என்று எழுதிய ரசீது வாங்குங்கள். படங்களையும் எண்களையும் முன்கூட்டியே வேறிடத்தில் சேமித்து வையுங்கள், எல்லாம் அழிந்துபோகும்.

முத்திரையை அழித்தால் ஒப்பந்தமும் அழிந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தப்பு. 24 மாதத் திட்டத்தில் வாங்கியிருந்தால் 24 மாதமும் கட்டித்தான் ஆக வேண்டும். கைப்பேசி வேறு, ஒப்பந்தம் வேறு.

‘ஏபி செட்’ வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. உள்நாட்டு விநியோகிப்பாளரின் உத்தரவாதம் அதற்கு இருக்காது, கடையின் உத்தரவாதம்தான். அதற்காக விற்ற கடைக்காரர் 32-வது பிரிவிலிருந்து நழுவிவிட முடியாது.

இப்போது நம் தம்பியின் கதைக்கு வருவோம். முதலில் ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். வாங்கிய தேதி, விலை, பழுது, கடையில் சொன்ன பதில். கடைசியில் ஒரு வரி: ‘மென்பொருள் மாற்றத்தால்தான் துவாரம் பழுதானது என்றால், அதை எழுத்தில் கொடுங்கள்.’ 14 நாள் தவணை. பெட்டியின் மேலுள்ள ஐ.எம்.இ.ஐ. எண்ணும் ரசீதில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று சரிபார்த்தோம். பதிவுத் தபாலில் அனுப்பினார். பதில் வரவில்லை.

பிறகு பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். மலாயில் ‘திரிபுனால்’ என்று சொல்கிறார்களே, அதுதான். கட்டணம் 5 வெள்ளி. ‘போராங் 1’ என்னும் பாரத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும். 2019-இல் செய்த திருத்தத்தால் 50,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம். கோரிக்கை எழுந்து மூன்றாண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வைக்க அங்கே இடமில்லை. பெரிய கம்பெனியும் வழக்கறிஞரைக் கூட்டிவந்து நம்மை மிரட்ட முடியாது! மன்றத்தின் தீர்ப்பை மதிக்காமல் இருப்பது குற்றம்.

தம்பிக்குத் தயக்கம். “5 வெள்ளி பெரிசில்லண்ணே. ஒரு நாள் பேர் போடாமப் போனா அன்னச் சம்பளம் போச்சே” என்றார். நியாயமான கவலைதான். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் மகள்தான் பாரத்தை எழுதினாள். கடைக்கும் ஒரு நகல் போனது. விசாரணைத் தேதிக்கு முன்பே கடையிலிருந்து அழைப்பு வந்தது. கைப்பேசியைக் கொண்டுபோனார். திறந்து பார்த்தார்கள். துவாரத்தின் ஈயப் பற்று விட்டிருந்தது. காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். ‘வாரண்டி போச்சு’ என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லையாம்!

எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல் நாளே திறந்து பார்த்திருந்தால் கடிதமும் வேண்டாம், பாரமும் வேண்டாம். ‘மாற்றிவிட்டாய்’ என்ற ஒரே சொல்லை வைத்து எத்தனை ஏழைகளைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்? அவர்களில் எத்தனை பேர் கைப்பேசியை அலமாரியில் போட்டுவிட்டு, தங்களையே நொந்துகொண்டு, இன்னொன்று கடனில் வாங்கியிருப்பார்கள்?

ஆகவே என் கருத்து இது. உத்தரவாதத்தை மறுக்கிறவர் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பழுதுக்கும் மாற்றத்துக்கும் உள்ள தொடர்பை அவர்தான் காட்ட வேண்டும். இது கடைதோறும் வழக்கமாக வேண்டும். தொலைத்தொடர்பு நிறுவனங்களும், காசு கொடுத்து வாங்கியவர் கேட்டால் முத்திரையைத் தாங்களே நீக்கித் தர வேண்டும். செல்கோமும் டிஜியும் 2022 நவம்பரில் இணைந்து ஒரே நிறுவனமாயின. நிறுவனம் தன் பெயரை மாற்றிக்கொள்ளலாம். நம் பொருளின் மேலுள்ள பெயரை நாம் மாற்றினால் மட்டும் குற்றமா?

நம் சங்கத் தலைவர்களும் கோயில் நிர்வாகத்தினரும் மாதம் ஒருநாள் உட்கார்ந்து, பாரம் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கலாம். 1969 முதல் பயனீட்டாளர்களுக்காகக் குரல் கொடுத்துவரும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்றவையும் இருக்கின்றன. கேட்டால் வழி சொல்வார்கள்.

நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அந்தத் தாள் கசங்கியிருந்தாலும் பரவாயில்லை. தம்பியின் 1,100 வெள்ளியைக் காப்பாற்றியது அதுதான்.